பங்கு பிரித்த டிக்சனரி

ஆங்கிலத்தில் எனக்கு ஏ முதல் எல் வரை நன்றாக வரும். எம்மிலிருந்து இன்றைக்கும் கொஞ்சம் தடக்கும். வேலை செய்யும் இடத்தில் யாராவது இதைக் கவனித்துக் கேட்டால், நான் தமிழில் படித்தவள், அதுதான் என்று சமாளித்துவிடுவேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வராது. ஒரு டிக்சனரியைக் கத்தியால் வெட்டிப் பங்கு போட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த டிக்சனரி, என் ஐயாவின் தகப்பனாரான அப்புவுடையது. அவர் மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனோடு சண்டிலிப்பாய்க்குத் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் அதுதான் பாரமானது. அவர் கண்ணை மூடியதும் ஐயாவும் பெரியப்பாவும் சொத்துப் பிரிக்க உட்கார்ந்தார்கள். காணி, பனை, புகையிலைக் கொட்டில், பித்தளைச் சாமான் எல்லாம் சிரிப்பும் கதையுமாகப் பிரிபட்டன. கிணறு ஒன்றுதான் இருந்தது. அதையும் அவர்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். கடைசியில் டிக்சனரி மட்டும் பாயின் நடுவில் கிடந்தது. பெரியப்பா, மூத்தவன் எனக்கு என்றார். ஐயா, அப்பு கடைசிவரை இருந்தது என்ரை வீட்டில் என்றார்.

காணி உறுதி எழுத வந்திருந்த நொத்தாரிசு, களைத்துப்போய், "கிணத்தையே பிரிச்சிட்டியள், உதையும் நடுவாலை வெட்டுங்கோவன்" என்று பகிடியாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் சொத்துப் பிரிக்கிற இடத்தில் பகிடி விடக்கூடாது என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். ஐயா எழுந்து போய்ப் புகையிலை வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு முறைப்படி தம்பி பங்கு வைக்க, அண்ணன் விரும்பியதை எடுப்பார். புத்தகத்தின் நடு, எல் முடிந்து எம் தொடங்கும் இடத்தில் வந்தது. ஐயா அங்கே வெட்டினார். பெரியப்பா இரண்டாவது பாதியை எடுத்துக்கொண்டார். அதில் கடைசியில் நிறை அளவை அட்டவணைகள் இருந்தன.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முதல் தாளில் அப்புவின் கையெழுத்து இருந்தது. பெரியப்பா அந்த ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். முன்தாள் முன்பாதியோடுதான் என்று ஐயா சொன்னார். அதோடு பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, வருடக்கணக்கில் ஒரு சொல் பேசவில்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஐயா எங்கள் மாட்டுக்குச் சொல்லுவார். "நாளைக்கு ஆரின்ரை முறை எண்டு தெரியாத ஆக்களும் இருக்கினம்" என்று மாட்டைப் பார்த்து உரத்துச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தன் ஆட்டுக்குப் பதில் சொல்லுவார்.

பெரியப்பாவுக்கு என் வயதில் ஒரு மகள். அவளும் நானும் ஒரே வகுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டளைதான் போடப்பட்டிருந்தது. "உவளோடை கதைக்கக்கூடாது, விளங்குதோ?" விளங்கியது. வகுப்பில் அவள் முதல் வாங்கில் இருந்தால் நான் கடைசி வாங்கில் இருப்பேன்.

இப்படி வந்த பாதிப் புத்தகத்தைச் சும்மா வைத்திருந்தால் தோற்றதாகிவிடும் என்று ஐயா நினைத்திருக்க வேண்டும். அதைச் சீமெந்துப் பையின் கடுதாசியால் உறை போட்டுத் தைத்து, தினமும் எனக்குச் சொற்களின் விளக்கங்களைப் பாடமாக்கக் கொடுத்தார். போர்க்காலத் தடையில் ஏறிய மண்ணெண்ணெய் விலையைப் பார்த்துவிட்டு ஊரே இறைக்கும் மெஷினை மூடிவைத்துவிட்டுக் கையால் அள்ளும் துலாவுக்குத் திரும்பியிருந்த காலம் அது. எங்கள் முறை நாளில் ஐயா துலாவில் தண்ணீர் அள்ளியபடி விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லுவார். நான் வாய்க்காலை வெட்டி மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாறியபடி சொல்லைச் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் என்றால் ஐலண்ட். தன் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் என்றால் எக்சைல். பிழைவிட்டால் ஐயா துலாவை நிறுத்திவிடுவார். தண்ணீர் வராமல் நான் வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மறுநாள் அதே கிணற்றில் பெரியப்பா. அவர் அள்ள, அவள் மாற, அங்கே எம் முதல் இசட் வரை நடக்கும். கிணறு ஒன்றுதான் முழு டிக்சனரியையும் கேட்டது. அச்சுவேலியில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்ட அம்மாவுக்கு, இந்தக் குடும்பத்துச் சண்டைகளை எட்ட நின்று வேடிக்கை பார்க்கிற உரிமை இருந்தது. "அங்காலை காசில்லாமல் மற்றப் பாதியைச் சொல்லுகினம், பிள்ளை கேட்டாலென்ன?" என்றார் ஒருமுறை. "உந்தப் பாதி எங்களுக்குத் தேவையில்லை" என்ற ஐயா, என்னை வீட்டுக்குள் போகச் சொன்னார்.

ஆகவே என் ஆங்கிலம் ஒரு பக்கமாகவே வளர்ந்தது. கடன் என்பதற்கும் வட்டி என்பதற்கும் எனக்குச் சொல் இருந்தது. திருப்பிக் கொடுப்பது அவர்கள் பக்கம். கோபத்துக்கு வகைவகையாகச் சொல் வைத்திருந்தேன். பொறுமை அவர்கள் பக்கம். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வரும் சின்னச் சொற்கள் எல்லோருக்கும் தெரிந்ததுபோல எனக்கும் தெரியும். கொஞ்சம் நீளமான சொல் என்றால், எல் தாண்டினால் நான் மொக்கு.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஆங்கில ரீச்சர். ஒருநாள் அவர் அகரவரிசைப்படி விளக்கங்களை வாசித்துச் சொல் கேட்டார். முதலில் கேட்டவற்றுக்கெல்லாம் வகுப்பு வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். பிறகு கேட்டவற்றுக்கு வாயடைத்து நின்றேன். "ஏன் பிள்ளை, எம் எண்டவுடனை உனக்குக் காய்ச்சல் பிடிக்குதோ?" என்று ரீச்சர் கேட்டார். எங்கள் வீட்டு டிக்சனரியின் பின்பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். நல்ல பொய் என்றுதான் நினைத்தேன். ரீச்சர் அடுத்து பெரியப்பாவின் மகளை எழுப்பினார். அவள் எம்மிலிருந்து வந்ததையெல்லாம் மணிமணியாகச் சொல்லிவிட்டு, முன்னால் உள்ளதற்கு முழித்தாள். ஏன் என்று கேட்டபோது, "முன்பக்கத்தைக் கறையான் திண்டிட்டுது, ரீச்சர்" என்றாள்.

நாங்கள் பேசி வைத்துச் சொன்னதல்ல. பேசுகிற வழக்கமே எங்களுக்கு இல்லையே. ரீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்பில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊரில் கிடக்கிற இந்தக் கதை ஊர் தாண்டக்கூடாது என்று அன்றிலிருந்து நான் பயப்படத் தொடங்கினேன். வெளியாட்களுக்குத் தெரிந்தால் செத்துவிடலாம் போலிருந்தது.

அந்த வருடம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், பள்ளிக்கூடங்களுக்கிடையே ஆங்கிலச் சொற்போட்டி வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிள்ளைகள். நடுவர் விளக்கத்தை வாசிப்பார். இருவரும் கலந்து பேசி ஒருவர் சொல்லைச் சொல்ல வேண்டும். வெல்லும் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு புதிய டிக்சனரி பரிசு. வெள்ளைத்தாள் ஒன்று கிடைப்பதே அதிசயமாயிருந்த அந்த நாளில், கொழும்பிலிருந்து கப்பலில் வந்த முழு டிக்சனரி என்று ரீச்சர் சொன்னபோது நான் கடைசி வாங்கில் நிமிர்ந்து இருந்தேன். அது வீட்டுக்கு வந்தால் வெட்டுப்பட்ட பாதியைப் பரணில் போட்டுவிடலாம். பெரியப்பா வீட்டிலும் போட்டுவிடுவார்கள். எங்கள் குடும்பம் இப்படியொரு வேலை செய்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. அந்தப் பரிசை நான் ஆசைப்பட்டதெல்லாம் அதற்காகத்தான்.

ரீச்சர் எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தெடுத்தார். வேறு யாரைத்தான் எடுப்பார்? இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒரு முழுசு என்று அவர் கணக்குப் பார்த்திருப்பார். அனுமதி கேட்க வீட்டுக்கு வந்தபோது, "மற்றது ஆரின்ரை பிள்ளை?" என்று ஐயா கேட்டார். "எங்கடை வகுப்புப் பிள்ளைதான்" என்றார் ரீச்சர். அதே பதிலை வேலிக்கு அந்தப் பக்கமும் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறந்திருக்க மாட்டாள்.

போட்டி நாள் காலையில் ஐயா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய பள்ளிக்கூடத்து வாசலில், பெரியப்பா தன் சைக்கிளை மதிலில் சாத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள், என்னைப் போலவே இரண்டு பின்னலும் கழுத்துப்பட்டியுமாக நின்றாள். ஐயா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஐயா சைக்கிளைத் திருப்பிவிடுவார் என்று நினைத்த அந்த நேரத்தில், ரீச்சர் ஓடிவந்து எங்கள் இருவரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டார். பிறகு பார்த்தால், மண்டபத்தின் இந்த மூலைக் கதிரையில் ஐயாவும் அந்த மூலைக் கதிரையில் பெரியப்பாவும் இருந்தார்கள். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போட்டி தொடங்கியது. கலந்து பேச நேரம் தந்தபோது மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு குசுகுசுத்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நேரே பார்த்தபடி இருந்தோம். பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை. விளக்கத்தைக் கேட்டதும் எனக்குத் தெரிந்தால் நான் எழுந்து சொல்வேன். எனக்குத் தெரியவில்லை என்றால் அது அவளுடையது. அவள் எழுந்து சொல்வாள். நடுவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். "பாருங்கோ, என்ன ஒழுங்கு. இப்பிடியெல்லோ பிள்ளையள் இருக்கோணும்" என்று மைக் இல்லாத குறையை நிரப்பிக்கொண்டு எங்களைக் காட்டிச் சொன்னார். ரீச்சர் கைதட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்களைப் பாராட்டுகிறவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

எப்படியோ கடைசிவரை வந்துவிட்டோம். இன்னொரு பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் இருவரும் நாங்களும் சமமாக நின்றோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். மேசையில் இரண்டு புதிய டிக்சனரிகளும் கண்ணாடிக் கடுதாசி சுற்றியபடி இருந்தன. நடுவர் வாசித்தார். இறக்கை இல்லாமல், மேலே சுழலும் தகடுகளால் தூக்கப்பட்டுப் பறக்கிற ஊர்தி. முதல் முறை எங்களுக்கு.

நான் மனதுக்குள் என் பாதியைப் புரட்டிப் பார்த்தேன். ஏயிலிருந்து எல் வரை அப்படியொரு விளக்கத்தை நான் பாடமாக்கவில்லை. அப்படியென்றால் அது அவளுடையது. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு, அவள் எழும்புவதற்காகக் காத்திருந்தேன். அவள் எழும்பவில்லை. அவளும் தன் பாதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது என்னுடையது என்று காத்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள்கூட விடை தெரிந்து நெளியத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கிழமையில் மட்டும் நாங்கள் எத்தனை தரம் அதன் சத்தத்தைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்திருப்போம். "ஹெலி வருது, ஓடு" என்று அம்மா கத்துகிற கத்தலில் அயல் முழுக்க ஓடும். ஆனால் ஹெலி எனக்கு ஆங்கிலச் சொல்லே அல்ல. அது அம்மா சொல்கிற சொல். டிக்சனரியில் இருக்கிற சொற்கள் வேறு, வீட்டில் சொல்கிற சொற்கள் வேறு என்று எனக்கொரு நினைப்பு. அப்பு அந்தப் புத்தகத்தை வாங்கிய காலத்தில் அப்படியொரு வாகனம் அச்சுக்குள் வந்திருக்கவும் இல்லை. அது எங்கள் இரண்டு பாதியிலும் இல்லை.

நடுவர் மணியை அடித்தார். அந்தப் பக்கத்துப் பெடியன் எழும்பி, "ஹெலிகொப்டர்" என்றான். கைதட்டல் கேட்டது. அதற்குள் அந்த மூலையிலிருந்து பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"டேய் தம்பி, எச் உன்ரை பக்கமெல்லோ? என்னடா பிள்ளைக்குப் படிப்பிச்சனி?"

இந்த மூலையில் ஐயா எழுந்தார்.

"அப்பு மலாயாவிலை வாங்கின புத்தகமண்ணை. அந்த நாளையிலை ஹெலி எங்கை இருந்தது?"

"நீ ஒழுங்காப் பாத்திருக்கமாட்டாய். தாள் ஏதும் கிழிஞ்சிருக்கும். நீ வெட்டின வெட்டு அப்பிடி."

"நான் வெட்டினது எல்லிலை. எச் எங்கை கிடக்கு, எல் எங்கை கிடக்கு? வேணுமெண்டால் வீட்டை வந்து பாருங்கோவன்."

"ஏன், நீ கொண்டு வந்து காட்டினால் என்ன, கை உளையுமோ?"

நடுவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன வெட்டு? என்ன பக்கம்? ஆராவது சொல்லுங்கோ" என்று கேட்டார். எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் பின்வரிசையிலிருந்து மிகவும் பணிவாக எழுந்து, "சேர், உவை சகோதரங்கள். தேப்பனின்ரை டிக்சனரியை வெட்டிப் பங்கு எடுத்தவை. முன்பக்கம் இந்தப் பிள்ளை வீட்டை, பின்பக்கம் அந்தப் பிள்ளை வீட்டை" என்று விளக்கினார். "அப்ப ஹெலி இன்னும் பங்கு பிரிபடாத சொத்தாக்கும்" என்று யாரோ சொல்ல, மண்டபம் வெடித்துச் சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ரீச்சரும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

நான் எதை மூடி வைக்க அத்தனை பாடுபட்டேனோ அது அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் கிடந்தது. மேடையில் கதிரைக்குக் கீழே புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். எங்கள் தகப்பன்மார் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. சிரிப்புக்கு மேலால் இன்னும் சத்தமாக, அட்டவணைத் தாளைப் பற்றியும் கையெழுத்துத் தாளைப் பற்றியும் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் நின்றார்கள். மேசைக்குக் கீழே அவளுடைய கை என் கையைத் தேடி வந்து பிடித்தது. குளிர்ந்து போயிருந்தது.

"நான் உன்ரை எண்டு நினைச்சன்" என்றாள்.

"நான் உன்ரை எண்டு" என்றேன். அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது.

டிக்சனரிகள் இரண்டையும் அந்தப் பெடியன்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். சைக்கிளின் பின் கரியரில் இருந்துகொண்டு, வழி முழுக்க ஐயாவின் சேர்ட்டில் முகத்தைப் புதைத்து அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. நாளைக்கு எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது என்று அழுதேன். ஐயாவோ இருந்தாற்போல் ஒரு தேத்தண்ணிக் கடையில் சைக்கிளை நிறுத்தி, எனக்கொரு வடை வாங்கித் தந்தார். முறை நாளில் ஒரு சொல் பிழைத்தாலே தண்ணீரை நிறுத்துகிற மனிதர், ஒரு வார்த்தை ஏசவில்லை. வடையை நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உன்ரை பெரியப்பா நல்லா மெலிஞ்சு போனார், என்ன?" என்று கேட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் கேட்கிற கேள்வியா அது.

வீட்டுக்கு வந்ததும் நான் அறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். குசினியில் ஐயா அம்மாவுக்கு நடந்ததைச் சொல்வது கேட்டது. ஊர் சிரித்ததையோ, டிக்சனரி கை தப்பிப் போனதையோ அவர் சொல்லவில்லை.

"'டேய் தம்பி' எண்டவர். அவ்வளவு சனத்துக்கை, 'டேய் தம்பி, என்னடா பிள்ளைக்குப் படிப்பிச்சனி' எண்டு கேட்டவர்."

அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. "அண்ணையோ? அவராக் கதைச்சவரோ?" என்றார்.

"ஓம், அவராத்தான். 'டேய் தம்பி' எண்டு."

பொழுது படும்வரை ஐயா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போனபோது, அங்கும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை அண்ணனின் குரலில், ஒருமுறை தன் குரலில். அத்தனை பேருக்கு முன்னால் வாங்கிக் கட்டிய பேச்சை ஒரு மனிதர் இப்படி வாயில் வைத்துக்கொண்டு திரிவாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஐயாவுக்கு வெட்கமே இல்லை என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து நானே வெட்கப்பட்டுக்கொண்டு தலையணைக்குள் காதைப் பொத்திக்கொண்டேன்.